இடது கை என்றது கணவரை இல்லை

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மூன்று வருஷமாகக் கையில் நன்றாகவே பணம் புரள்கிறது. மாதம் பிறந்ததும் வருமானத்தில் பத்தில் ஒன்றை, அதாவது தசமபாகத்தை, சபைக்கென்று எடுத்து வைத்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. "தேவனுக்குரியதைக் கொடுத்தாச்சு, மிச்சம் நம்முடையது" என்பார். போன மாதம் பெரிய கார் வாங்கி, தேவன் தந்தார் என்று சபையில் எல்லார் முன்னும் சாட்சியும் சொன்னார். இப்போது இரண்டாவது வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகளுடைய படிப்புக்கு, ஆறு மாதமாக அவருக்குத் தெரியாமல் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து கொடுத்து வருகிறேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றுதானே இயேசு சொன்னார்? ஆனாலும் உறுத்துகிறது. நான் செய்வது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உறுத்துகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், சகோதரி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். தர்மம் செய்யும்போது தாரை ஊதிக்கொண்டு, ஊரார் பார்க்கச் செய்கிறவர்களைப் பற்றித்தான் அங்கே பேச்சு. புகழுக்காகச் செய்யாதே என்பதற்கு வந்த வசனம் அது. கணவரின் கண்ணுக்குப் படாமல் கணக்கை மறைக்க அதில் இடமில்லை. (புதுக் காருக்குச் சாட்சி சொல்வது தாரை ஊதுகிற கணக்கில் வருமா என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் கேள்வி கேட்டது அவர் இல்லையே.)

அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்தும் யோசியுங்கள். ஒரு நாள் அவருக்குத் தெரிய வந்து, சண்டையாகி, பணம் நின்றுபோனால் பாதிப் படிப்பில் நிற்கப்போவது அவள்தான். ஆகவே இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சம்பாதிப்பதில் உங்கள் பங்கும் உண்டு, குற்றவாளி மாதிரி தலைகுனிய வேண்டாம். "மறைத்தது தப்பு, கொடுத்தது தப்பில்லை" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

அவர் கஞ்சர் இல்லை. மாதாமாதம் பத்தில் ஒன்றை மனதார எடுத்து வைக்கிறவர் எப்படிக் கஞ்சராவார்? பத்தில் ஒன்றோடு கணக்கு முடிந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உபாகமம் 14-இன் கடைசி வசனங்களை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனும் (சொந்த நிலமில்லாத ஆலய ஊழியன்) பரதேசியும் (வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியவன்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று இருக்கிறது. தசமபாகத்திலேயே ஏழையின் பங்கு அடக்கம். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் எடுத்தவர்களைப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு கேட்டார். தசமபாகத்தை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. இதையும் செய், அதையும் விடாதே என்றார்.

அந்த "மிச்சம்" என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. எனக்கே நேர்ந்தது இது. ஒருமுறை எங்கள் சபையில் துணி சேகரித்தார்கள். பை நிறையக் கொண்டுபோய்ப் பெருமையாக வைத்தேன். பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். மூன்று பொத்தான் இல்லை, காலர் நைந்திருந்தது. "அக்கா, இதை உங்க பையன் போடுவானா?" என்றாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள். அந்தப் பையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்த தூரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மிச்சத்தைக் கொடுத்துப் பழகிய கைக்கு, கொடுப்பது எது, கழிப்பது எது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞரைப் பற்றி எழுதியிருக்கிறார். அது அவரேதான் என்று பலரும் கருதுகிறார்கள். முதல் வருஷம் வருமானம் 30 பவுண்ட். 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். மறு வருஷம் 60 வந்தது. அப்போதும் 28-இல்தான் வாழ்ந்தார், 32 ஏழைகளுக்குப் போனது. அடுத்து 90, அதற்கடுத்து 120. வாழ்வதற்கு அதே 28. நாலாம் வருஷம் கொடுத்தது 92. வரவு ஏற ஏற அவர் கொடுப்பதுதான் ஏறியது. உங்கள் வீட்டில் இந்த மூன்று வருஷத்தில் எது ஏறியது என்று கணவரிடம் கேட்டுப் பாருங்கள். குத்திக்காட்ட வேண்டாம், நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். "நமக்கு எவ்வளவு போதும்?" அந்தத் தொகையை அவரே எழுதட்டும்.

அதற்காக உள்ளதையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு நாளைக்குக் கடன் கேட்டு நிற்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்பு, முதுமை, வைத்தியம் எல்லாம் அந்தத் தொகைக்குள் வரட்டும். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று இல்லை, சமநிலை வேண்டும் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பணக்கார வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்ற வரி வசூல்காரன் சகேயுவிடம் மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் அளவு வேறு. இரண்டாவது வீடே பாவம் என்று நான் எழுதினால் அது என் சொந்தச் சரக்காகத்தான் இருக்கும்.

ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனின் கதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, நல்ல விளைச்சல் அவ்வளவுதான். "என் தானியங்கள்", "என் களஞ்சியங்கள்", "என் பொருள்கள்" என்று ஒரே "என்". பேசுவதும் தன் ஆத்துமாவோடுதான். கதையில் கடவுளைத் தவிர அவனிடம் பேச வேறொரு ஆள் கிடையாது. மனைவிகூட இல்லை!

அந்தப் பெண்பிள்ளையை ஒருநாள் அவர் முன்னால் உட்காரவைத்து, என்ன படிக்கிறாய் என்று அவரையே கேட்கவிடுங்கள். பெயரும் முகமும் தெரிந்தபின் அடுத்த மாதப் பணத்தை அவரே எடுத்து வைக்கவும் கூடும். கோபித்துக்கொண்டால் ஒரு வாரம் பொறுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

கார் வாங்கியாகிவிட்டது, அதை விட்டுவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை பின் சீட் காலியாகத்தானே போகிறது? சபைக்கு நடந்து வர முடியாத வயதானவர்கள் யாரென்று போதகரிடம் கேளுங்கள்.