‘பிரில்லியண்ட்’ என்றால் ஒளியா, திறமையா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகளின் ஆங்கிலப் புத்தகத்தில் வெயிலுக்கும் ‘பிரில்லியண்ட்’, விஞ்ஞானிக்கும் ‘பிரில்லியண்ட்’ என்று இருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரிதான். ‘ஒளிர்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் இது. திறமை என்ற பொருள் பிறகு சேர்ந்தது. மலேசியத் தமிழருக்கு இது புதிதே இல்லை. மலாய் ‘செமெர்லாங்’ பளிச்சென்று மின்னுவதையும் சொல்லும். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ‘ஏ’ எடுத்தவருக்கும் அதே சொல்தான். மகளுக்கு அதை வைத்தே விளக்குங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

பிள்ளைகள் தடுமாறுவது ‘பிரைட்’ வரும்போதுதான். விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகிறவரின் நெற்றி விளக்கு ‘பிரைட்’. கண் கூசும் உச்சி வெயில் ‘பிரில்லியண்ட்’. ஆளுக்கும் அப்படியே: பாடம் சீக்கிரம் பிடிபடும் பிள்ளை ‘பிரைட்’; வகுப்பில் யாருக்கும் தோன்றாத வழியில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறவள் ‘பிரில்லியண்ட்’. எல்லாரையும் அப்படி அழைத்தால் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

நகைக்கடையில் சொல்லும் ‘பிரில்லியண்ட் கட்’ பழைய பொருளைச் சேர்ந்தது. உள்ளே போன ஒளி மேல்வழியாகத் திரும்பி வரும்படி, வட்ட வைரத்தில் 57 அல்லது 58 பட்டைகள் தீட்டுவார்கள்.

அப்புறம், ‘வெரி பிரில்லியண்ட்’ வேண்டாம். ‘மிக’ என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் ‘அப்சொலூட்லி’ போடலாம். பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் ‘ஆறு மணிக்கு வருகிறேன்’ என்றால்கூட ‘பிரில்லியண்ட்!’ என்பார்கள். அங்கே அதற்கு ‘ரொம்ப நல்லது’ என்றுதான் பொருள்.