மசினகுடி சாலையில் யானை நின்றால் இன்ஜினை அணைக்க வேண்டுமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் சொந்தக் காரில் குடும்பத்தோடு ஊட்டிக்கும் மசினகுடிக்கும் போகிறோம். மசினகுடியில் இரண்டு இரவு தங்கல். பிள்ளைகளுக்கு 6, 11 வயது. அப்பாவுக்கு 70; விடியற்காலையில் நடக்காவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே ஓடாது. காருக்கு முன்னால் யானை வந்தால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். அணைக்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? வேறு எதற்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்? – திருச்சி வாசகர்

பதில்: அணைக்க வேண்டாம். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் செய்தாக வேண்டும். யானை பக்கத்தில் நிற்கும்போது திடீரென்று கிளம்பும் அந்தச் சத்தத்தில் அது மிரளும். கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜின் சும்மா ஓடட்டும்; ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள், ஹாரனை மறந்துவிடுங்கள். இருட்டிவிட்டால் ஹைபீமைக் குறைத்து டிம்மில் வையுங்கள், விட்டுவிட்டு அடிக்காதீர்கள். விளக்கை மொத்தமாக அணைக்கச் சொல்பவர்களும் உண்டு. வளைவில் பின்னால் வருகிறவன் உங்கள் வண்டியில் மோதிவிடுவான் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால் இன்ஜினைவிடப் பெரிய விஷயம் தூரம். யானை கண்ணில் பட்டவுடனே, குறைந்தது 50 மீட்டர் தள்ளி, அதாவது கிரிக்கெட் பிட்ச் நீளத்தில் இரண்டரை மடங்கு தள்ளி நிறுத்திவிடுங்கள். முன்னால் நிற்கும் காரின் பம்பரில் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். யானை உங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தால் நீங்கள் நிதானமாக ரிவர்ஸ் எடுக்க வேண்டும். முன் வண்டியும் அதே சமயம் ரிவர்ஸ் எடுக்கும், அதற்கும் இடம் வேண்டாமா?

நிறுத்தியபின் தந்தத்தைப் பார்க்காமல் காதையும் வாலையும் பாருங்கள். காது விசிறிபோல் ஆடுகிறது, வால் இப்படியும் அப்படியும் போகிறது, தும்பிக்கை புல்லைச் சுருட்டிக் காலில் தட்டி மண்ணை உதிர்க்கிறது என்றால் அது தன் வேலையைப் பார்க்கிறது. ஆட்டம் சட்டென்று நின்று, காது இரண்டும் விரிந்தபடியே இருந்து, வால் விறைத்து, தலை உயர்ந்தால் உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். காலால் மண்ணைக் கிளறுவது, நாலடி ஓடிவந்து நிற்பது எல்லாம் பெரும்பாலும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை கிடைக்கும்போதே பின்வாங்கிவிட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருந்து கன்னத்தில் ஈரக்கோடு வழிந்தால் மதநீர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண் யானைக்கு 50 மீட்டர் போதாது.

கூட்டமாகக் கடக்கும்போது வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். இரண்டு பெரிய யானைகள் கடந்து புதருக்குள் போய்விடும். சரி, முடிந்தது என்று வண்டியை எடுப்பார்கள். குட்டி அப்போதுதான் இந்தப் பக்கத்துப் புதரிலிருந்து வெளியே வரும். தாய் அந்தப் பக்கம், குட்டி இந்தப் பக்கம், நடுவில் நம் கார். ஆகவே கடைசி யானை போனதாகத் தோன்றியபின்னும் சில நிமிடம் காத்திருங்கள். கிளை முறியும் சத்தம் நின்றபின் கிளம்புங்கள்.

காரிலிருந்து இறங்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைப்போம். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் காட்டுச் சாலையில் செல்ஃபி எடுக்க இறங்கிப்போனவரை யானை துரத்தி மிதித்தது. உயிர் பிழைத்தார், அப்புறம் வனத்துறையின் அபராதத்தையும் கட்டினார். அதே ஆண்டு பிப்ரவரியில் வால்பாறை சாலையில் நடந்தது இன்னும் கொடுமை. யானை நின்றதால் இரண்டு பக்கமும் வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பயணி பைக்கில் அதைத் தாண்டிப்போக முயன்றார், உயிரிழந்தார்.

உங்கள் பாதையைப் பார்ப்போம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் மசினகுடி பக்கம்தான். ஆனால் அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. கூடலூர், தெப்பக்காடு சுற்றித்தான் போக வேண்டும். முதுமலை வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்து கிடையாது. 8.45-க்கு செக்போஸ்ட்டைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாலை 5 மணிக்குள் விடுதியில் இருப்பது மாதிரி கிளம்புங்கள். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குப் போகும் சாலை சிறியது, சில இடங்களில் இருபுறமும் உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கும். பத்தடிக்குள் யானை நின்றாலும் தெரியாது. சாலையில் ஈரம் காயாத யானைச் சாணம் கிடந்தால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை ஏற்றி, உள்ளே பாட்டை நிறுத்துங்கள்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். முன்பதிவு செய்யும்போதே உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதி யானைகளின் வலசைப் பாதை. 2020-ல் உச்ச நீதிமன்றமே அதை உறுதிசெய்தது. அங்கே இருக்கும் விடுதிக்குள் யானை வந்தால் அது வழிதவறி வந்ததாக அர்த்தமில்லை. இருட்டியபின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அறைக்குத் தனியாக நடக்காதீர்கள், ஊழியரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பழம், பலாப்பழம், உப்பு போட்ட தின்பண்டம் எதையும் வராந்தாவிலோ காரிலோ வைக்காதீர்கள். யானை வந்துவிட்டால் கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, பால்கனிக்குப் போகாமல் உள்ளேயே இருங்கள். விரட்டுவது வனத்துறையின் வேலை. 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மேல் எரியும் டயரை எறிந்தார்கள். அந்த யானை செத்தே போனது.

ராத்திரியில் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யாராவது விலை சொன்னால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம். அதைவிட, திறந்த ஜீப்பில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஸ்பாட்லைட் அடிப்பதுபோல் முட்டாள்தனம் வேறில்லை.

அப்பாவின் நடைக்கு இப்போது வருவோம். மசினகுடியில் இரண்டு காலையும் விடுதி வளாகத்துக்குள், அதுவும் நன்றாக வெளிச்சம் வந்தபின். சாலையில் வேண்டவே வேண்டாம். வற்புறுத்தினால் 2021-ல் அந்த வட்டாரத்தையே உள்ளே உட்காரவைத்த, வனத்துறை டி23 என்று எண் கொடுத்திருந்த புலியின் கதையைச் சொல்லுங்கள். மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபரில் உயிரோடு பிடித்தார்கள். எங்காவது நடந்துபோகும்போது யானை துரத்தினால் நேராக ஓடிப் பயனில்லை, அது நம்மைவிட வேகம். பெரிய மரம், பாறை, கட்டடம் என்று ஏதாவது ஒன்றை நடுவில் வையுங்கள். தோள்பை, துண்டு எதையாவது கீழே போட்டால் அதில் சற்று நேரம் நிற்கக்கூடும். சரிவில் யானை இறங்காது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அழகாகச் சறுக்கிக்கொண்டு இறங்கும்.

ஊட்டி, குன்னூர் பக்கம் அப்பா நடக்கலாம், ஏழு மணிக்கு மேல், ஆள் நடமாட்டம் உள்ள சாலையில். அங்கே காட்டெருமையும் கரடியும்தான் கவலை. காட்டெருமை ஊருக்குள்ளேயே, வீட்டு வாசலில்கூட மேயும். அதனால் மாடுபோல் நினைத்துக் கிட்டே போய்ப் படமெடுக்கிறார்கள். நன்கு வளர்ந்த காளை ஒரு டன்னைத் தொடும். மூச்சைச் சீறிவிட்டுத் தலையை ஆட்டினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், அது போகும் வழியை அடைக்காதீர்கள். கரடி வேறு ரகம். கோத்தகிரி, குன்னூர் கோயில்களில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்கவே புகுந்துவிடும். தேயிலைச் செடிக்குள் தலையைக் குனிந்திருக்கும்போது நாம் அருகில் போய் நின்றால் பயத்தில் பாயும். ஆகவே தேயிலைத் தோட்ட வழியில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது.

பிள்ளைகளுக்குச் சிறுத்தைதான். குட்டையான உருவம் தனியாக ஓடுவது அதற்கு இரையாகத் தெரியும். மாலை 5 மணிக்கு மேல் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பார்த்துவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதுகைக் காட்டாமல்; கத்திக்கொண்டே பின்னால் நகருங்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் விடுதிக்குள் நுழைந்ததுமே அவர்களின் வண்டி இரவில் கிடைக்குமா, வனச்சரக அலுவலக எண் என்ன என்று வரவேற்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆரம்பித்துவிடுங்கள். மீதி ஊசிகளைத் திருச்சிக்கு வந்து போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசி சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.