சோலாருக்கு நிதி இல்லையா? ஆய்வகத்திலிருந்து தொடங்குங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் பல்கலைக்கழக நிர்வாகம் சோலார் பேனலுக்கு நிதி இல்லையென்று கைவிரித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம்.

முதலில் ஆய்வகங்களைப் பாருங்கள். மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை மைனஸ் 70-க்கு மாற்றினாலே அதன் மின்செலவு சுமார் 30 சதவீதம் குறையும். பெரும்பாலான மாதிரிகளுக்கு அந்தக் குளிர் போதும்; ஆனாலும் ஆய்வாளர்களைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். ஃபியூம் ஹூட்டின் (ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி போன்ற அமைப்பு) கண்ணாடிக் கதவை வேலை முடிந்ததும் இறக்கிவிடச் சொல்லுங்கள். காற்றளவு தானாக மாறும் வகை என்றால், திறந்து கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அறையின் குளிர்காற்றை வீணாக வெளியே தள்ளும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மிச்சமாகும் பணத்தைச் சுழல்நிதியாக, அதாவது சேமிப்புத் திட்டங்களுக்குக் கடனாகக் கொடுத்து, திரும்பி வந்ததும் மீண்டும் கொடுக்கும் நிதியாக ஒதுக்கக் கேளுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அப்படிக் கடன் கொடுத்து, சேமிப்பிலிருந்தே திரும்பப் பெற்றிருக்கிறது. பேசப் போகும்போது மின்கட்டண ரசீதுகள் கையில் இருக்கட்டும்.