வாசகர் கேள்வி: பின்சிறகு திறந்தால் முந்தப் போகிறார் என்று அர்த்தமா?

கேள்வி: ஃபோர்முலா 1 பந்தயத்தில் இப்போது எல்லாக் கார்களின் சிறகும் திறக்கிறது. யார் முந்தப் போகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மழை வந்தால் டிவிப் படமும் கட்டம் கட்டமாக உடைகிறது. (வாசகர், ஹட்டன்)

பதில்: 2011 முதல் 2025 வரை, முன்னால் போகும் காருக்கு ஒரு செக்கனுக்குள் வந்தவர் மட்டுமே பந்தயத்தில் பின்சிறகைத் திறக்க முடிந்தது (திறந்தால் காற்றுத் தடை குறைந்து வேகம் கூடும்). 2026 விதிப்படி, குறித்த நேர்பாதைகளில் முன், பின் சிறகுகள் இரண்டையும் எல்லோரும் திறக்கலாம். ஆகவே சிறகைப் பார்த்துப் பயனில்லை, இடைவெளியைப் பாருங்கள். ஒரு செக்கனுக்குள் நெருங்கியவருக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கும். மின்மோட்டரின் உச்ச வலு 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆகிவிட்டதால், பற்றரியில் மிச்சம் வைத்திருப்பவரே முந்துவார். நேர்பாதையின் முடிவில் ஒரு கார் வேகம் குறைந்து, பின்விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் எஞ்சின் பழுது என்று பதறாதீர்கள்: அது பற்றரிக்குச் சக்தி சேர்க்கிறது. அடுத்த சுற்றில் அந்தக் காரை விடாமல் கவனியுங்கள், அங்கேதான் சுவை!

படம் உடைவதற்குக் காரணம் பனிமூட்டமல்ல, கனமழை. செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். வெயில் நாளில் டிவியோடு இணைத்த டிஷ் பெட்டி காட்டும் சிக்னல் தரம் உச்சத்துக்கு வரும்வரை டிஷ்ஷை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். எல்.என்.பி.யில் (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு அலையை வாங்கும் கருவி) வயர் பொருந்தும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வயர் நுனியை வெட்டி, புது இணைப்பான் போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள்.