பொரிக்கு ஏன் அடிக்கடி வயிறு கெடுகிறது?

கேள்வி: நாங்கள் பாலக்கோட்டில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்காக இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு பண்ணையில் வெள்ளை முயல் குட்டி வாங்கினோம். பெயர் பொரி. இப்போது இரண்டு கிலோ இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சாப்பிடாமல் மூலையில் சுருண்டு உட்கார்ந்துவிடுகிறது. புழுக்கை சிறுத்துப்போகிறது, சில நாள் போடுவதே இல்லை. வேறு சில நாளில் பின்பக்க முடியில் கறுப்பாக, நாற்றத்தோடு ஏதோ ஒட்டியிருக்கிறது. ஓமத் தண்ணீர் கொடுப்போம். ஒருமுறை வீட்டில் மீதியிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பும் கொடுத்தோம். தீவனம் எப்போதும் கிண்ணம் நிறைய இருக்கும். கேரட், முட்டைக்கோஸ் இலை, அவ்வப்போது பிஸ்கட், நிப்பட்டு கொடுப்போம். தண்ணீர் வைத்தால் வயிறு போகும் என்று சொன்னதால் வைப்பதில்லை. என்ன சாப்பாடுதான் கொடுப்பது? யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர்.

பதில்: அம்மா, முதலில் ஒரு கனமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றிப் பொரியின் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். முயலுக்குத் தண்ணீர் ஆகாது என்ற பேச்சை நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். அது முழுத் தவறு. இரண்டு கிலோ முயல் ஒரு நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். பச்சைப் புல் நிறையத் தின்றால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தண்ணீர் கிடைக்காவிட்டால் வயிற்றுக்குள் இருக்கும் இரை களிமண் மாதிரி இறுகிக்கொண்டு நகராது. போர்த் தண்ணீர் வேண்டாம், நீங்கள் குடிக்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரையே வையுங்கள். நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே அந்தத் திட்டமே வந்தது. மனிதருக்கு ஆகாத அந்தத் தண்ணீர் ஆடு மாட்டின் பல்லையும் எலும்பையும்கூடக் கெடுக்கும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பொரிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோய் வந்து போகிறது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. தினமும் கிண்ணத்தில் விழுவதுதான் அதைத் திரும்பத் திரும்பக் கூட்டிவருகிறது. உங்கள் கடிதத்தில் கேரட் இருக்கிறது, கோஸ் இருக்கிறது, நிப்பட்டு கூட இருக்கிறது. புல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

முயல் வயிறு ஆட்டு வயிறு மாதிரி இல்லை. அசைபோடாது, வாந்தியும் எடுக்க முடியாது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சீக்கம் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. தின்றதில் முரட்டு நாரைக் குடல் தனியே பிரித்து உருண்டைப் புழுக்கையாக வெளியே தள்ளிவிடும், பொடியாக இருப்பதைச் சீக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள், நம் வீட்டில் மாவு புளிப்பது போல, அதைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும். அந்தச் சத்து பளபளப்பான சிறுசிறு மணிகளாக, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். முயல் பின்பக்கத்தில் வாய் வைத்து அதை அப்படியே விழுங்கிவிடும், பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும். பார்த்தால் அருவருக்க வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். அது அதன் இரண்டாம் பந்தி.

பொரியின் பின்பக்கம் ஒட்டுவது பேதி அல்ல, இந்தக் கொத்தாகத்தான் இருக்கும். மாவும் சர்க்கரையும் அதிகமாகப் போனால் சீக்கத்துக்குள் நல்ல நுண்ணுயிர் குறைந்து கெட்டது பெருகும், கொத்து கூழாகிவிடும். கூழை முயலால் வாயில் எடுக்க முடியாது, அது முடியில் அப்பிக்கொள்ளும். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். முடியில் கூழ் ஒட்டிய அதே நாளில் கூண்டில் உருண்டைப் புழுக்கையும் கிடந்தால் சாப்பாட்டுக் கோளாறு. உருண்டையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அது உண்மையான பேதி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியது.

என்னிடம் முயலைத் தூக்கிவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது புழுக்கையைத்தான். நாளைக் காலையில் ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நல்ல புழுக்கை கொண்டைக்கடலையைவிடச் சற்றுச் சிறியதாக, ஒரே அளவாக, காய்ந்து இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மரத்தூள் மாதிரி உதிரும், உள்ளே வைக்கோல் நிறத்தில் பொடி நார் தெரியும், நாற்றம் இருக்காது. நார் போதாத முயலின் புழுக்கை மிளகு மாதிரி சிறுத்துக் கறுத்துக் கடினமாகிவிடும். சில சமயம் முடியில் கோத்த மணிமாலையாக வரும். அதைப் பார்த்துவிட்டு, முடியை விழுங்கியதால்தான் வயிறு அடைத்தது என்பார்கள். உடம்பை நக்கும் முயலின் வயிற்றில் கொஞ்சம் முடி எப்போதும் இருக்கும். குடல் ஓடிக்கொண்டிருந்தால் அது தானாகப் போய்விடும், குடல் மந்தமானால்தான் தங்கும்.

அந்தக் குடலை ஓடவைப்பது நீளமான நார். பொரி தின்பதில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் புல்லாக இருக்க வேண்டும். காய்ந்த புல் மிகவும் நல்லது. அதன் உடம்பளவு ஒரு குவியல் இரவும் பகலும் முன்னால் கிடக்கட்டும். பொட்டலத்தில் விற்கும் டிமோத்தி புல் நல்லதுதான், ஆனால் மாதா மாதம் வாங்கினால் கட்டுப்படியாகாது. நம் ஊர்ப் புல்லே போதும். கொழுக்கட்டைப்புல், அருகம்புல், கினியாப்புல் எது கிடைத்தாலும் அறுத்து, மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் காயவைத்து, காற்றோட்டமாகக் கோணிச் சாக்கில் கட்டி வையுங்கள். கையில் எடுத்து மோந்தால் புல் வாசனை வர வேண்டும். பூஞ்சை நெடி அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுத்த பச்சைப் புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அதைக் கொடுக்கக் கூடாது. கேழ்வரகு அறுப்பு முடிந்த வீடுகளில் தாள் கிடைக்கும், சுத்தமாக இருந்தால் புல்லோடு கலந்து வைக்கலாம். கடலைக்கொடியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், வளர்ந்த முயலுக்கு என்றாவது ஒருநாள் போதும்.

புல் அறுக்கும் இடத்தில் கவனமாக இருங்கள். உங்கள் பக்கத்தில் தக்காளித் தோட்டம் அதிகம், மருந்து அடித்த வரப்புப் புல் வேண்டாம். தக்காளிச் செடியின் இலையும் ஆகாது. பார்த்தீனியம் கேரட் இலை மாதிரியே இருக்கும், பிள்ளைகள் தெரியாமல் பறித்துவிடுவார்கள். இளம் சோளப்பயிரில் விஷத்தன்மை உண்டு, மாட்டைச் சாய்ப்பது முயலை விடுமா?

அப்புறம் அந்தத் தீவனம். முயல் பற்றி நம் ஊரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி பண்ணை அறிவு. பண்ணையில் கறிக்காக வளர்ப்பதால் மூன்று மாதத்தில் எடை ஏற வேண்டும், தீவனமும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வீட்டு முயல் எட்டு, பத்து வருடம் வாழக்கூடியது. இரண்டும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட முடியாது. பொரிக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் தீவனமே உச்ச வரம்பு. இப்போதுள்ள நிலையில் 30 கிராம் போதும் என்பேன். ஆனால் நாளைக்கே குறைத்துவிடாதீர்கள். திடீர் மாற்றமும் இந்தக் குடலுக்குப் பகை. இந்த வாரம் புல்லை முன்னால் குவித்து, தீவனத்தில் கால் பங்கு குறையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு கால் பங்கு. மூன்று நான்கு வாரத்தில் கணக்குக்கு வந்துவிடும். தீவனத்துக்குப் பழகியது முதலில் புல்லைச் சீண்டாது, அதைப் பார்த்து மனமிளகிக் கிண்ணத்தை நிரப்பிவிடாதீர்கள். ஆனால் புல்லும் தின்னாமல் பட்டினி கிடக்கவும் விடக் கூடாது. தினமும் எடை பாருங்கள். காய்கறி நிறுக்கும் தராசே போதும்.

கீரையில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை நல்லவை. வயிறு சரியாகி இரண்டு வாரம் ஆன பிறகு ஒவ்வொன்றாக, ஒரு கைப்பிடி கொடுத்து, மூன்று நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முருங்கைக்கீரையும் அகத்தியும் ஆசைக்கு நாலு இலை போதும். சவுண்டல் தழை கொடுத்தால் முடி கொட்டும். கோஸ் பொரிக்கு வேண்டாம், வாயு சேரும். கேரட் கிழங்கு முயலின் சாப்பாடே இல்லை, அது மிட்டாய். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மெல்லிய வில்லை கொடுங்கள், மகளும் கையால் ஊட்டிய திருப்தியோடு இருக்கட்டும். பிஸ்கட், நிப்பட்டு, சோறு, களி எல்லாம் இன்றோடு நிற்க வேண்டும். மாம்பழமும் அப்படித்தான். ஒருமுறை மாங்காய் சீசனில் ஒரு பையன் தன் முயலைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். வயிறு உறுமி மேளம் மாதிரி விறைத்திருந்தது. அமைதியாக இருந்த அறையில் அது வலி தாங்காமல் பல்லை நறநறவென்று கடிப்பது எனக்குக் கேட்டது. வீட்டில் எல்லோரும் தின்றுவிட்டுப் போட்ட மாம்பழத் தோலை இரண்டு நாளாகக் கொடுத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டது, ஆனால் மூன்று நாள் ஆயிற்று.

அந்தப் பல் கடிக்கும் சத்தம் வீட்டில் கேட்டாலோ, 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலோ, அது ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கிற நேரம் இல்லை. வயிறு இறுகியிருக்கும்போது வாயில் எதையும் திணிக்காதீர்கள். நேராக மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார்கள், வலி குறைக்க மருந்து கொடுப்பார்கள், அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகே ஊசிக்குழாயில் கூழ் ஊட்டச் சொல்வார்கள். வலி குறைந்தாலே பாதி முயல்கள் வாய் வைக்கத் தொடங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சிரப் விஷயத்தை நீங்கள் எழுதியதற்கு நன்றி. பலர் மறைத்துவிடுவார்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் சீக்கத்தில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, விஷம் சுரக்கும் கிருமி பெருகி, சில நாளில் உயிரே போகலாம். குழந்தைகளுக்குத் தினமும் எழுதிக்கொடுக்கிற மருந்து முயலுக்கு இப்படி ஆகும் என்று யாருக்குத் தோன்றும்? மீதி இருந்தால் இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டை மாற்றினாலும் ஒருமுறை வாயைக் காட்டியாக வேண்டும். முயல் பல் சாகும்வரை வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். இரண்டரை வருடம் புல்லே தின்னாத பொரிக்குக் கடைவாய்ப் பல் முள்ளாக நீண்டு நாக்கிலோ கன்னத்திலோ குத்திக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தின்ன ஆசையாக ஓடிவந்து வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா, மோவாய் ஈரமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் எவ்வளவு புல் வைத்தும் பயனில்லை, முதலில் பல்லைச் சீராக்க வேண்டும். தருமபுரியில் அதற்கான கருவி கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அன்றைய புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். பயணத்தில் கூடைக்குள் புல் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் என்றால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். 30 டிகிரிக்கு மேல் முயலுக்குச் சிரமம், வெயிலில் தீனியும் குறைந்து குடலும் மந்தமாகும். கூண்டு தகரக் கூரைக்கு அடியில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டரை வயது முயலைப் பண்ணைக்குத் திருப்பிக் கொடுத்தால் அங்கே அதற்கு என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியும். எனக்கு இரண்டு மாதம் தாருங்கள். உங்கள் மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் எடை, தின்ற புல், புழுக்கையின் அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதியதை எனக்கு அனுப்பினால், அடுத்து எந்தக் கீரையைச் சேர்க்கலாம் என்று அவளுக்கே பதில் எழுதுகிறேன்.