கல்லுக்கு எதுக்கு இத்தனை டெஸ்ட்?

கேள்வி: ஃபின்லாந்துல நாடு முழுக்க பாறை சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணி வச்சிருக்காங்களாமே, தங்கம் தேடவா? அதுல என்னென்ன இருக்குன்னு பாத்தா போதாதா, எடை, காந்தம்லாம் எதுக்கு சார்?
– வாசகர், கரூர்

பதில்: தங்கம் கிடைச்சா வேணாம்னு சொல்ல மாட்டாங்க, ஆனா அதுக்கு மட்டும் இல்லீங்க. அந்த ஊரு ஜியாலஜிக்கல் சர்வே (மண்ணு, பாறையெல்லாம் ஆராயுற அரசாங்க அமைப்பு) 1990லேருந்து 1995 வரைக்கும் 6,544 பாறை சாம்பிள் எடுத்துச்சு. அங்க பனியாறு அரைச்சுப் போட்ட மண்ணுதான் பெரும்பாலான இடத்துல மூடிக் கெடக்கு, பாறை வெளிய தலை காட்டுற இடம் ரொம்ப கம்மி, அதனால எல்லா இடத்துலயும் நேரா போய் பாக்குறதுக்கு வழியில்ல, மிச்சத்தை மேல பறந்துதான் பாக்கணும். 1972லேருந்து 2007 வரைக்கும் தரையிலேருந்து வெறும் 30–40 மீட்டர் உயரத்துல பிளேன் ஓட்டி, 200 மீட்டருக்கு ஒரு கோடுன்னு மொத்த நாட்டையும் காந்த மேப் எடுத்திருக்காங்க, பொறுமைக்கே அவார்டு குடுக்கலாம்!

ஆனா மேப்புல ஒரு இடம் 'பளிச்'னு தெரிஞ்சா கீழ என்ன கல்லுன்னு எப்படி சொல்றது? இங்கதான் உங்க கேள்வி வருது. ரெண்டு கல்லுல இரும்பு ஒரே அளவு இருக்கும், ஆனா ஒண்ணுல அது மேக்னடைட்ங்கிற காந்தக் கனிமமா இருக்கும், காந்தம் கப்புனு புடிக்கும், இன்னொண்ணுல கருப்பு மைக்காவுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும், காந்தம் பெருசா கண்டுக்காது. லேப் ரிப்போர்ட்ல ரெண்டும் ஒண்ணுதான்! அதான் காந்தத்தை தனியா அளக்குறது. டென்சிட்டிக்கு, அதாவது அடர்த்திக்கு, கல்லை காத்துல ஒருதரம், தண்ணிக்குள்ள ஒருதரம் எடை போட்டா முடிஞ்சுது. கிரானைட்னா கன மீட்டருக்கு சுமாரா 2,650 கிலோ, கேப்ரோங்கிற கருப்புக் கல்லுன்னா 3,000 பக்கம் வரும், எங்க இழுவை கூட, எங்க கம்மின்னு காட்டுற புவியீர்ப்பு மேப்பை புரிஞ்சுக்க இது வேணும்.

கெமிஸ்ட்ரி சும்மாவும் இல்ல. தம்பேரே நகரம் இருக்குற பக்கம் சில போர் கிணத்துல ஆர்சனிக்ங்கிற விஷப் பொருள் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்ங்கிற லிமிட்டைத் தாண்டுது, அதுக்கு காரணம் ஃபேக்டரி இல்ல, அடியில இருக்குற பாறையே அப்படி.

கேள்வி: நம்ம நாட்டுல இப்படி பண்றதில்லையா?
– வாசகி, மதுரை

பதில்: பண்றாங்க. 1851ல ஆரம்பிச்ச நம்ம ஜியாலஜிக்கல் சர்வே தேசிய அளவுல கெமிக்கல் மேப்பிங் பண்ணிட்டு இருக்கு, ஆனா அதுக்கு அதிகமா எடுக்குறது ஓடையில படிஞ்ச மண்ணு. பெரிய நாட்டுக்கு அதான் கட்டுப்படியாகும், ஆனா மேட்டுல இருக்குற எல்லாப் பாறையும் கலந்து வந்த மண்ணு அது, எந்தப் பாறையோட கைவரிசைன்னு தெரியணும்னா சுத்தியலை எடுத்துக்கிட்டு மேல ஏறித்தான் ஆகணும்.