பகடை மேசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டு, 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. காவல் நின்ற நான்கு கோப்லின்களை, அதாவது குட்டி அரக்கர்களை, சண்டை போடாமல் பேசியே ஒதுங்கவைத்தோம். "கொல்லவில்லையே, அனுபவப் புள்ளி எதற்கு?" என்று ஆட்ட நடத்துநர் கையை விரித்துவிட்டார். இது நியாயமா?

பதில்: விதிப்படி அவரை அசைக்க முடியாது. எதிரியைக் கொன்றாலும், விரட்டினாலும், பிடித்துக் கட்டினாலும் வெற்றிதான், புள்ளி உண்டு. ஆனால் பேசி முடித்ததற்குப் புள்ளி தருவது நடத்துநரின் விருப்பம். நியாயமா என்று கேட்டால், சுத்தக் கஞ்சத்தனம். கோப்லினுக்கு 50 வீதம் மொத்தம் 200 புள்ளி. நான்கு பேர் குழுவென்றால் ஆளுக்கு 50. புள்ளி சேரச் சேரத்தான் கதாபாத்திரம் நிலை நிலையாக உயரும்; இரண்டாம் நிலைக்கே 300 வேண்டியிருக்க, இதைக் கொடுத்தால் யார் குடியும் முழுகிவிடாது. கொடுக்காவிட்டால்தான் வினை. அடுத்த ஆட்டத்தில் பாருங்கள், கோப்லின் வாயைத் திறப்பதற்குள் உங்களில் ஒருவர் வாளை உருவியிருப்பார். எதற்குப் புள்ளி விழுகிறதோ அதைத்தானே எல்லோரும் செய்வார்கள்?

இந்த விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே புதையலுக்குப் புள்ளி உண்டு. 1981ஆம் ஆண்டின் தொடக்கநிலைப் பதிப்பில் கணக்கு இன்னும் வேடிக்கை: ஒரு கோப்லினைக் கொன்றால் 5 புள்ளி, மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலையைத் தொட 2,000 வேண்டும். கோப்லின்களையே நம்பினால் 400 தலைகள் உருள வேண்டும். அதற்குள் அவன் தலை எத்தனை முறை உருண்டிருக்குமோ! விவரம் தெரிந்தவர்கள் காவலாளிக்கு ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார்கள். உங்கள் நடத்துநரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: ஆட்டத்துக்கு வராதவருக்கும் புள்ளி தரலாமா?

பதில்: தாருங்கள். இது வருகைப் பதிவேடு அல்ல. ஐந்தாம் நிலையில் போர்வீரர் ஒரே முறையில் இரண்டு தடவை தாக்குவார், மந்திரவாதி நெருப்புக்கோளத்தை வீசுவார். அவர்கள் பக்கத்தில் மூன்றாம் நிலைக்காரர் நின்று என்ன செய்வது? வராதவர் ஆட்டத்தின் சுவையை ஏற்கெனவே இழந்துவிட்டார், அந்தத் தண்டனை போதும்.

கேள்வி: நிலையே இல்லாமல் கதாபாத்திரம் வளரும் விளையாட்டு உண்டா?

பதில்: 1978இல் வந்த ரூன்குவெஸ்ட். 1981இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவும் அதே வழிதான். ஒரு திறமையைப் பயன்படுத்தி வென்றால் அதன் பக்கத்தில் ஒரு குறி போடுகிறீர்கள். பிறகு நூறு வரையிலான பகடையை உருட்டி, கையில் இருக்கும் மதிப்பைத் தாண்டினால் திறமை உயரும். 35 வைத்திருப்பவருக்கு இது சுலபம், 80 வைத்திருப்பவர் திணறுவார். கற்றுக்குட்டி வேகமாக வளர்கிறான், தேர்ந்தவன் ஊர்ந்து வளர்கிறான். எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் இதிலும் தந்திரக்காரர்கள் உண்டு. குறிக்கு ஆசைப்பட்டுச் சண்டையின் நடுவே வாளைப் போட்டுவிட்டு ஈட்டி, ஈட்டியைப் போட்டுவிட்டுக் கோடரி என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

தலைகீழான வழியும் இருக்கிறது. டன்ஜன் வேர்ல்டு என்ற இன்னொரு கதாபாத்திர விளையாட்டில் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டி, மொத்தம் 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் காரியம் கெட்டது, ஆனால் ஒரு புள்ளி கிடைக்கும். முதல் நிலையில் இருப்பவர் அடுத்த நிலைக்கு உயர எட்டுப் புள்ளி சேர்ந்தால் போதும். அதனால் அங்கே பயந்தாங்கொள்ளிகூடத் துணிந்து பகடையை எடுப்பார்.

கேள்வி: புள்ளிக் கணக்கு அலுத்துவிட்டது. கதையின் முக்கியக் கட்டங்களில் எல்லோரையும் நிலை உயர்த்திவிடலாமா?

பதில்: தாராளமாக. ஒரே நிபந்தனை, எந்தக் கட்டம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "கோட்டைக்குள் நுழைந்தால் நான்காம் நிலை" என்று தெரிந்தால் அவர்களே வழி தேடுவார்கள். சொல்லாமல் வைத்திருந்தால், "எப்போது உயர்த்துவீர்கள்?" என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.